12 பாயிண்ட் என்றால் எழுத்தில் எது 12? பாமினியும் லதாவும் ஒத்து வரவில்லை

தக்கலை டிடிபி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கோயில் கொடைக்கு ஒரு பாட்டுப் புத்தகம். ஏ5 அளவு, 48 பக்கம், நடுவில் பின் அடிக்கிறது. போன பதிப்பு பேஜ்மேக்கரில் பாமினி ஃபாண்ட் 12 பாயிண்ட், லீடிங் (வரிக்கு வரி உள்ள அளவு) ஆட்டோ. இப்போ மேட்டரை யூனிகோடுக்கு மாத்தி வேர்டில் வெச்சிருக்கு. லதா 12, சிங்கிள் ஸ்பேசிங். மார்ஜின் ஒரு மி.மீ. கூட மாறல்ல. ஆனா 60 பக்கத்துக்குப் போகுது, எழுத்தும் பழசை விடப் பெருசா நிக்குது. அதே 12-ஐ விஜயாவுக்கு மாத்தினா ரொம்பச் சின்னதாயிருது.

மூணும் 12 தானே, பின்ன ஏன் மூணு விதம்? 12-ங்கிறது எழுத்தில் எங்க இருந்து எங்க வரைக்கும் உள்ள அளவு? தலைப்பு எழுத்து 3 மி.மீ. உயரம் வேணும்னு கமிட்டிக்காரங்க கேக்காங்க. மி.மீ. சொன்னா அதைப் பாயிண்டா மாத்தக் கணக்கு உண்டா? தெரிஞ்சவங்க சொல்லித்தாங்க.

நாஞ்சில் எழுத்து:

தம்பி, 12 பாயிண்ட் என்பது எழுத்தின் அளவு இல்லை. எழுத்து குடியிருக்கிற பெட்டியின் உயரம். எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் ஆரம்பிக்குது.

இப்போ நாம கம்ப்யூட்டரில் பயன்படுத்துற பாயிண்ட் ஒரு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. மி.மீ. கணக்கில் 0.3528. ஆகவே 12 பாயிண்டுன்னா 4.23 மி.மீ. உயரமுள்ள ஒரு பெட்டி. ஃபாண்ட் செய்யிறவர் அந்தப் பெட்டியை 1000 அல்லது 2048 கூறாகப் பிரிச்சு வெச்சு அதுக்குள்ள எழுத்தை வரைவார். 'ப'வை 400 கூறு உயரத்துக்கு வரையிறதும் 550 கூறுக்கு வரையிறதும் அவர் விருப்பம். எவ்வளவு வரைஞ்சாலும் நீங்க 12 போட்டா பெட்டி 4.23 மி.மீ. தான், உள்ளே இருக்கிற 'ப' தான் மாறும். விஜயா சின்னதாத் தெரியிறதும் லதா பெருசாத் தெரியிறதும் இதனாலதான். இரண்டிலும் பிழை இல்லை.

இங்கிலீஷிலும் இப்படித்தான். ஏரியலில் பெரிய எழுத்தான 'எச்' பெட்டியில் 71.6 சதவீதம் நிக்கும், டைம்ஸ் நியூ ரோமனில் 66.2 சதவீதம். சின்ன 'எக்ஸ்' எழுத்து ஏரியலில் 51.9, டைம்ஸில் 44.7. ஒரே 12 போட்டும் ஏரியல் பெருசாத் தெரியக் காரணம் அந்த வித்தியாசம்.

தமிழில் இந்த இடைவெளி இன்னும் கூடுதல். இங்கிலீஷ் ஃபாண்ட் செய்யிறவர் மேலே ஒரு கொம்பு, கீழே ஒரு வால் பார்த்தா போதும். நமக்கு மேலே 'ம்' புள்ளி வேணும், 'வி'யின் மேல்விலங்கு வேணும், 'வீ'யின் சுழியும் வேணும். கீழே 'நூ', 'தூ', 'ஞு' எல்லாம் இறங்கும். இத்தனையையும் பெட்டிக்குள்ளேயே அடக்கணும்னு நினைக்கிறவர் 'ப'வைச் சின்னதாக்குவார். 'ப' பெருசா, படிக்க வசதியா இருக்கட்டும்னு நினைக்கிறவர் மேலும் கீழும் பெட்டிக்கு வெளியே போக விட்டுருவார். அப்படிப்பட்ட ஃபாண்டுகளில்தான் வரி நெருக்கமானா மேல்வரியின் 'நூ' கீழ்வரியின் 'வீ'யில் முட்டும்.

இனி மி.மீ. கணக்கு. கோரல் டிராங்கிற டிசைன் சாஃப்ட்வேரில் அலகை மி.மீ.க்கு மாத்துங்க. அந்த ஃபாண்டில் 'ப' ஒண்ணை 100 பாயிண்டில் போடுங்க. (பாமினியில் சின்ன 'ஜி' விசையை அடிச்சா 'ப' வரும்.) அவுட்லைன் இல்லாம வெச்சு, கண்ட்ரோல்-கியூ அழுத்திக் கர்வ்ஸாக்குங்க, அதாவது எழுத்தை வெறும் வடிவமா மாத்துங்க. கர்வ்ஸாக்காம பார்த்தா சில நேரம் பெட்டியின் உயரம்தான் காட்டும், அதை நம்பக்கூடாது. இப்போ மேல் பட்டையில் தெரியிற உயரம்தான் உண்மையான 'ப' உயரம். அது 15.2 மி.மீ.ன்னு வருதுன்னு வைங்க. வேண்டிய மி.மீ.யை 100-ஆல் பெருக்கி 15.2-ஆல் வகுத்தா பாயிண்ட் கிடைச்சிரும். 3 மி.மீ. வேணும்னா 300-ஐ 15.2-ஆல் வகுக்க 19.7 பாயிண்ட். கோரல் இல்லைன்னா 200 பாயிண்டில் ஒரு 'ப'வைப் பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்து பாதியாக்கிக்கிடுங்க, போதும்.

'ப'வை எடுக்கக் காரணம் உண்டு. அதுக்குக் கீழே நேர்க்கோடு, மேலே ரெண்டு கோட்டின் நுனியும் மட்டம். 'க', 'அ' மாதிரி வளைவுள்ள எழுத்துகளைக் கண்ணுக்குச் சமமாத் தெரியணும்னு கொஞ்சம் கூட்டி வரைஞ்சிருப்பாங்க, அளவு ஏமாத்தும்.

பக்கம் கூடினதுக்கு இரண்டு காரணம். ஒண்ணு அகலம். இன்னொண்ணு வரி. பேஜ்மேக்கரில் ஆட்டோ லீடிங்னா எந்த ஃபாண்டா இருந்தாலும் எழுத்தளவில் 120 சதவீதம். 12-க்கு 14.4, அவ்வளவுதான். வேர்டில் சிங்கிள்னா அப்படி இல்லை. ஃபாண்டுக்குள்ளே செய்தவர் எழுதி வெச்சிருக்கிற மேல், கீழ் அளவுகளைக் கூட்டி வேர்டே வரியை முடிவு பண்ணும். தமிழ் ஃபாண்டுகளில் அது தாராளமாவே இருக்கும். எழுத்தின் அகலம் 13 சதவீதம் கூடி, வரி 14.4-இல் இருந்து 16 ஆனாலே 48-ஐ 1.13-ஆலும் 1.11-ஆலும் பெருக்கணும். 60 வந்துரும். உங்க கணக்கும் இதுதான்னு தோணுது.

செய்ய வேண்டியது: இரண்டு ஃபாண்டிலும் 'ப' உயரத்தை அளந்து, பழைய 12-க்குப் புதுசில் எத்தனைன்னு கண்டுபிடிங்க. அப்புறம் பாராகிராஃபில் லைன் ஸ்பேசிங்கை எக்ஸாக்ட்லின்னு மாத்தி நீங்களே பாயிண்ட் கொடுங்க.

கோட்டாறு கம்பாசிட்டர்:

மேலே நாஞ்சில் தம்பி சொன்ன பெட்டி கற்பனை இல்லை, ஈய எழுத்துக் காலத்தில் கையில் பிடிக்கிற பொருளாகவே இருந்தது. எழுத்து ஒரு ஈயக் கட்டையின் தலையில் நிற்கும். அந்தக் கட்டையின் மேல்விளிம்பு தொடங்கிக் கீழ்விளிம்பு வரைக்கும் உள்ள கனம்தான் பாயிண்ட். அச்சில் விழுகிற முகம் அதைவிட எப்போதும் சிறியது. 12 பாயிண்ட் எழுத்துகளைக் கோர்த்தால் முகம் எப்படி இருந்தாலும் கட்டைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்த வேண்டும். அதற்காகவே முகத்தை விட்டுக் கட்டையை அளந்தார்கள். வரிக்கு நடுவே இடம் வேண்டுமென்றால் ஈயத் தகடு செருகுவது வழக்கம். லீடிங் என்ற பெயர் அந்த ஈயத்தில் இருந்து வந்தது.

பாயிண்ட் 72இல் ஒரு பங்கு என்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு நேராக்கிய கணக்கு. இங்கிலாந்து, அமெரிக்க முறையில் வார்த்த ஈய எழுத்தில் ஒரு பாயிண்ட் 0.3515 மி.மீ. ஐரோப்பாவின் டிடோ முறையில் ஏறத்தாழ 0.376 மி.மீ. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது, 12 பாயிண்டில் மி.மீ.யில் 100இல் 2 பங்குகூட இல்லை. டிடோவில் 12 போட்டால் 4.51 மி.மீ. ஆகிவிடும். பழைய ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து அதே அளவில் கம்போஸ் செய்யும்போது அது கண்ணுக்கே தெரியும். 12 பாயிண்ட் சேர்ந்தது ஒரு பைகா, 6 பைகா ஓர் அங்குலம். எண்ணுக்கு முன்னால் பெயர்தான் புழக்கத்தில் இருந்தது: 8 பிரிவியர், 10 லாங் பிரைமர், 12 பைகா, 18 கிரேட் பிரைமர்.

தமிழ் எழுத்துக்கு அளவுப் பிரச்சினை தொடக்கம் முதலே உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அதில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்துத்தான் 1715இல் வேலையை முடித்தார்கள். உங்களுக்கு இப்போது 48 பக்கம் 60 ஆனதும் அதே கணக்குதான்.

பழைய புத்தகம் மட்டும் கையில் இருந்து ஃபைல் இல்லாதபோது எழுத்தளவை ஸ்கேல் வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். ஃபாண்ட் தெரியாமல் அது கிடைக்காது. வரி அளவைத் துல்லியமாக எடுக்கலாம். ஒரு வரியின் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் கோட்டில் தொடங்கி, அதற்குக் கீழே பத்தாவது வரி உட்கார்ந்திருக்கும் கோடு வரைக்கும் அளங்கள். 56.4 மி.மீ. வந்தால் ஒரு வரிக்கு 5.64. அதை 0.3528-ஆல் வகுத்தால் 16 பாயிண்ட். ஒரே ஒரு வரி இடைவெளியை அளந்தால் அரை மி.மீ. கைப்பிழைக்கே ஒன்றரைப் பாயிண்ட் தப்பிவிடும். பத்து வரிக்கு அளந்தால் அந்தப் பிழை பத்தில் ஒன்றாகும்.

களியக்காவிளை போர்டு:

புத்தகத்தில் ரெண்டு பாயிண்ட் தப்பினா பக்கம் கூடும். போர்டில் தப்பினா போர்டையே திரும்ப எழுதணும். அதனால பிளெக்ஸ், கடைப்பலகை செய்யிறவங்களுக்காகச் சொல்லுதேன்.

கடைப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 அளவில் இருக்கணும்ங்கிறது தமிழ்நாட்டில் விதி. எல்லைப் பக்கத்துக் கடைகளுக்கு மலையாளமும் சேர்ந்து மூணு எழுத்தும் வரும். டிசைன் பண்ணுதவங்க பலரும் தமிழுக்கு 500, இங்கிலீஷுக்கு 300, மலையாளத்துக்கு 200 பாயிண்ட்னு போட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்காங்க. கணக்குப் பாருங்க. 100 பாயிண்டில் 15.2 மி.மீ. 'ப' உள்ள ஃபாண்டில் 500 போட்டா 'ப' உயரம் 76 மி.மீ. ஏரியல் பெரிய எழுத்து 100 பாயிண்டில் 25.3 மி.மீ., 300 போட்டா 75.8 மி.மீ. ரெண்டும் ஒரே உயரம்! எண்ணில் 5:3, கண்ணில் 5:5.

சரியாச் செய்யணும்னா உயரத்தை முதல்ல முடிவு பண்ணணும். தமிழ் 'ப' 25 செ.மீ., இங்கிலீஷ் பெரிய எழுத்து 15 செ.மீ., மலையாளம் 10 செ.மீ.ன்னு வைங்க. மலையாளத்துக்கும் மேலேயும் கீழேயும் நீட்டல் இல்லாத ஒரு எழுத்தை எடுத்து இதே மாதிரி அளங்க. தமிழுக்கு 1645 பாயிண்ட் வரும், ஏரியலுக்கு 594. இந்த 1645-ஐ எல்லா சாஃப்ட்வேரும் ஏத்துக்கிடாது. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் ரெண்டிலும் உச்சம் 1296. வேர்டில் 1638. அதனால பத்தில் ஒரு பங்கு அளவில் டிசைன் செய்து, 164.5 பாயிண்ட் வெச்சு, பிரிண்டுக்குக் கொடுக்கும்போது 1000 சதவீதம்னு எழுதிக் கொடுங்க. இல்லைன்னா கர்வ்ஸாக்கி உயரத்தை மி.மீ.யிலேயே டைப் பண்ணுங்க. போர்டு வேலையில் எனக்கு ரெண்டாவதுதான் நம்பிக்கை, பாயிண்டே வேண்டாம்.

எவ்வளவு உயரம் வேணும்ங்கிறதுக்குத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓரங்குல எழுத்து. ரோட்டுக்கு அந்தப் பக்கம் 60 அடியில் நிக்கிறவர் சிரமமில்லாம வாசிக்க 6 அங்குலம். தமிழில் அந்த 6 அங்குலத்தை 'ப'வுக்கு வைங்க. மேல்விலங்கும் கீழ்விலங்கும் அந்த 6 அங்குலத்துக்கு வெளியே வரும். அதுக்கு இடம் விடாம ஃபிரேம் அளவுக்கே 'ப'வை நிறைச்சா 'ஸ்ரீ'யின் தலையும் 'மூ'வின் காலும் ஃபிரேமில் இடிக்கும்.

தேன், சிப்ஸ் லேபிள் செய்யிறவங்களும் கவனிங்க. எடை, விலை எழுத்துக்கு விதியில் சொல்லியிருக்கிறது மி.மீ. உயரம், பாயிண்ட் இல்லை. ஏரியலில் 2 மி.மீ. உயர எண் வேணும்னா 7.9 பாயிண்ட் போடணும். 2 மி.மீ.யை நேரடியாப் பாயிண்டாக்கி 5.7 போட்டா எண் ஒன்றரை மி.மீ.கூட வராது.

தக்கலை டிடிபி:

கொள்ளாம் அண்ணாச்சி, இப்போதான் விளங்குது. 'ப' அளந்து பார்த்ததில் பழைய பாமினி 12-க்கு லதா 11 வருது. வரியை எக்ஸாக்ட்லி 14.5 வெச்சேன். 60 பக்கம் 50 ஆயிட்டு. உயரம் சேர்ந்தாலும் அகலம் இன்னும் 4 சதவீதம் போலக் கூடுதலா இருக்கு. 48-க்குள்ள அடக்கணும், இல்லைன்னா நாலு பக்கம் கூட்டி 52 ஆக்கணும். எழுத்தை 96 சதவீதம் குறுக்கிரலாமா? இன்னொண்ணு, தலைப்பில் 'ஸ்ரீ', 'வீ' எழுத்துகளுக்கு மேல்பகுதி வெட்டுப்பட்டு வருது.

நாஞ்சில் எழுத்து:

குறுக்க வேண்டாம் தம்பி. பக்கவாட்டில் குறுக்கினா நிற்கிற கோடுகள் மெலிஞ்சு, படுக்கிற கோடுகள் அப்படியே தடிச்சு நிக்கும். 'ண', 'ன', 'ள' மாதிரி சுழியுள்ள எழுத்துகளில் சுழி அடைஞ்சு கருப்பாயிரும். பாட்டுப் புத்தகத்தை ராத்திரி டியூப்லைட்டில் வயசானவங்க பார்த்துப் படிக்கணும். அவங்க கண்ணுக்கு 4 சதவீதமும் பெருசுதான்.

பக்கத்தில் இடம் தேடுங்க. உங்க வரி அகலம் 110 மி.மீ., பக்கத்துக்கு 33 வரின்னு வைங்க. ஒரு வரி கூட்டி 34 ஆக்கினா 3 சதவீதம் கிடைக்கும், பக்கத்தில் 5 மி.மீ. தான் செலவு. அகலத்தை 112 ஆக்கினா இன்னும் 1.8 சதவீதம். ரெண்டும் சேர்ந்து 50 பக்கத்தை 47.7 ஆக்கிரும். ஏ5 பக்கத்தின் உயரம் 210 மி.மீ.; 34 வரி 14.5 பாயிண்டில் 174 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 36 மி.மீ. மிச்சம் இருக்கு, தாராளம். நடுவில் பின் அடிக்கிறதனால உள்பக்க மார்ஜினை மட்டும் தொடாதீங்க, அந்த 2 மி.மீ.யை வெளிப்பக்கத்தில் எடுங்க.

தலை வெட்டுப்படுறது எக்ஸாக்ட்லியின் குணம். பத்தி முழுக்க 14.5-ன்னு பூட்டிட்டீங்க, அதுக்குள்ளேயே 20 பாயிண்ட் தலைப்பு நிக்குது. தலைப்புக்குத் தனி ஸ்டைல் வெச்சு, எக்ஸாக்ட்லி 28 கொடுங்க. தமிழ்த் தலைப்புக்கு எழுத்தளவில் 140 சதவீதம் இருந்தா பெரும்பாலும் வெட்டாது. உள் மேட்டருக்கு 130 சதவீதத்துக்குக் கீழே இறங்காதீங்க. உங்க 11-க்கு 14.5 சரியான இடம்.

குழித்துறை ஸ்கிரீன்:

அட்டையை ஃபோட்டோஷாப்பில் செய்யிறதா இருந்தா ஒரு விஷயம். அங்கே பாயிண்ட் எத்தனை பிக்சல்னு ரெசல்யூஷன்தான் முடிவு பண்ணும். பாயிண்டை டிபிஐயால் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்ங்கிற எண்) பெருக்கி 72-ஆல் வகுக்கணும். 300 டிபிஐயில் 12 பாயிண்ட் 50 பிக்சல், 72 டிபிஐயில் 12 பிக்சல். 72-இல் அட்டையைச் செய்து முடிச்சுட்டு, ரீசாம்பிள் டிக்கை எடுத்துட்டு (பிக்சல் எண்ணிக்கை மாறாம) 300-ன்னு மாத்தினா மொத்தமும் 24 சதவீதமாச் சுருங்கும். 24 பாயிண்ட் தலைப்பு 6 பாயிண்டுக்கும் கீழே போயிரும். ஃபைல் தொடங்கும்போதே 300 வைங்க.

இதே பாட்டுகளை இணையத்தில் போடும்போது 12 பாயிண்டும் 16 பிக்சலும் ஒண்ணு, அங்கே ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல்னு வெச்சிருக்காங்க. அது திரையில் ஸ்கேல் வெச்சு அளக்கிற அங்குலம் இல்லை, ஃபோனுக்கு ஃபோன் மாறும். தமிழுக்கு 17 அல்லது 18 பிக்சல், வரி உயரம் 1.6 வெச்சா புள்ளியும் கீழ்விலங்கும் முட்டாம நிக்கும்.

கோட்டாறு கம்பாசிட்டர்:

பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கோடு போட்டு வையுங்கள். பிரிண்ட் எடுத்ததும் முதலில் அந்தக் கோட்டை அளங்கள். 96, 97 என்று வந்தால் பிரிண்டர் 'ஃபிட்' என்ற அமைப்பில் சுருக்குகிறது. 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றும் வரை அந்தத் தாளை வைத்து எழுத்தளவு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பக்க அளவையும் ஒருமுறை பாருங்கள். சிலர் ஏ4-இல் 12 பாயிண்டில் கம்போஸ் செய்து, புக்லெட் முறையில் ஒரு தாளில் இரண்டு பக்கமாக அடிப்பார்கள். அப்போது எல்லாம் 70.7 சதவீதமாகும், 12 பாயிண்ட் எட்டரை ஆகிவிடும். உங்கள் ஃபைல் பக்கமே ஏ5 என்றால் பயமில்லை.

பிறகு இந்த வரியை உள் மேட்டர் அளவில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று முறை, மேல்வரியின் 'தூ'வுக்கு நேர் கீழே 'வீ' வரும்படி நடுவரியின் சொற்களை இடம் மாற்றி, அடியுங்கள்: 'நூறு தூண் மீது ஸ்ரீ வீற்றிருக்கும் ஞூ ழூ மூ'. மேல்வரியின் 'தூ' கீழ்வரியின் 'வீ'யைத் தொடாமல், எந்தப் புள்ளியும் வெட்டுப்படாமல் இருந்தால் 14.5 பாயிண்டை அப்படியே வைத்துப் பிளேட்டுக்கு அனுப்பலாம்.